செசரியாவில் ஒரு வீடு

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருப்பயணக் குழுவோடு புனித நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நாற்பது பேர் போனோம். பெரும்பாலும் வயதானவர்கள், பல ஆண்டுகள் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து வந்தவர்கள். பெத்லகேம், நாசரேத்து, எருசலேம் என்று ஒவ்வோர் இடத்திலும் மண்டியிட்டு அழுதார்கள். பயணம் முடிகிற நேரத்தில் ஒரு காலை, எங்கள் பேருந்து மத்தியதரைக் கடலோரத்தில் நின்றது. தெல் அவிவுக்கும் ஹைஃபாவுக்கும் நடுவே உள்ள செசரியா என்ற இடம். "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி இறங்கினார்.

நல்ல வெயில். எங்கு பார்த்தாலும் உடைந்த தூண்கள், பாதி சரிந்த சுவர்கள், அவற்றுக்கு அப்பால் நீலக் கடல். எங்கள் குழுவில் ஒரு வயதான அம்மா இருந்தார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து கேட்டார்: "சாமி, இங்க கோயில் எதுவும் காணோமே. எதுக்கு நம்மள இங்க கூட்டிட்டு வந்தாங்க?"

நல்ல கேள்விதான். முத்தமிட ஒரு கல்லறை இல்லை, மெழுகுதிரி ஏற்ற ஒரு பீடம் இல்லை. அந்த அம்மாவுக்கு நான் அன்று சொல்லத் தொடங்கிய பதிலைத்தான் இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தக் கடற்கரை நேராக, மணலாக நீண்டு கிடக்கும் கரை. கப்பல் ஒதுங்க இயற்கையான குடா அங்கே கிடையாது. பழைய காலத்தில் பெனிசிய மக்கள் அமைத்த சிறு குடியிருப்பு ஒன்று மட்டும் இருந்தது. அதன் பெயர் ஸ்திராத்தோன் கோபுரம். பெத்லகேமில் குழந்தைகளைக் கொல்லச் சொன்னதாக மத்தேயு நற்செய்தி கூறும் அதே பெரிய ஏரோது, இந்த இடத்தில் ஒரு துறைமுக நகரைக் கட்ட முடிவுசெய்தான். ஏறத்தாழ கி.மு. 22இல் வேலை தொடங்கியது. முடிய பன்னிரண்டு ஆண்டுகள் போல ஆயிற்று. உரோமைப் பேரரசர் அகுஸ்து சீசரை மகிழ்விக்க நகருக்குச் செசரியா என்று பெயர் வைத்தான். துறைமுகத்துக்குச் செபாஸ்தோஸ் என்று பெயர். அகுஸ்து என்ற சொல்லின் கிரேக்க வடிவம்தான் அது.

நம் கடற்கரை ஊர்களில் அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏரோதின் ஆட்கள் ஆழ்கடலுக்குள்ளேயே இரண்டு பெரிய கைகளை நீட்டினார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியிலிருந்து எரிமலைச் சாம்பலைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். அதைச் சுண்ணாம்போடும் உடைகல்லோடும் கலந்து, பெரிய மரப் பெட்டிகளில் நிரப்பிக் கடலில் இறக்கினார்கள். அந்தக் கலவை தண்ணீருக்குள்ளேயே இறுகிக் கல்லாகும் தன்மை உடையது. ஏதென்சின் புகழ்பெற்ற துறைமுகமான பிரேயுவைவிட இது பெரியது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதிவைத்திருக்கிறார். துறைமுகத்துக்கு எதிரே உயரமான மேடையில் ஒரு கோயில். கடவுளுக்கு அல்ல, உரோமை நகருக்கும் அகுஸ்து சீசருக்கும். கப்பலில் வருகிறவன் கண்ணில் முதலில் படவேண்டியது சீசரின் கோயில் என்பதே திட்டம்.

"அந்தத் துறைமுகம் எங்க சாமி?" என்று அந்த அம்மா கேட்டார். நான் கடலைக் கைகாட்டினேன். ஏரோது கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் மணல் மேல் நின்றவை. கடலடித் தரை அமிழ்ந்தது, நிலம் அசைந்தது, அலை அடித்தது. ஓரிரு நூற்றாண்டுகளுக்குள்ளேயே பெரும்பகுதி தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இன்று முக்குளிப்பவர்கள் நீருக்கு அடியில் நீந்திப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

கடலோரமாகத் தெற்கே நடந்தால் அரைவட்டமான ஒரு அரங்கம் இருக்கிறது. ஏரோது காலத்தது. செப்பனிட்டு இன்றும் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். 1961இல் அங்கே இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது, பிற்காலத்தில் படிக்கல்லாகப் போடப்பட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லைப் புரட்டினார்கள். அதில் இலத்தீன் எழுத்துகள் இருந்தன. பாதி தேய்ந்துபோயிருந்தாலும் வாசிக்க முடிந்தது. திபேரியு பேரரசரின் பெயரால் எழுப்பிய ஒரு கட்டடம், பொந்தியு பிலாத்து, யூதேயாவின் ஆளுநர்.

நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நம்பிக்கை அறிக்கையில் இயேசு, மரியா இருவரின் பெயரோடு நாம் சொல்லும் இன்னொரு மனிதப் பெயர் போஞ்சு பிலாத்துவினுடையது. அவன் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். அவன் காலத்திலேயே வெட்டப்பட்டு, அவன் பெயரைத் தாங்கி நமக்குக் கிடைத்த முதல் கல்வெட்டு இது. அசல் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செசரியாவில் அதன் நகலை வைத்திருக்கிறார்கள். கி.பி. 6ஆம் ஆண்டு முதல் உரோமை ஆளுநர்களின் தலைமையிடம் செசரியாதான். எருசலேமுக்குப் பிலாத்து பெருவிழாக் காலங்களில் காவலுக்காகப் போய்வந்தான். அவனுடைய வீடும் அலுவலகமும் இந்தக் கடற்காற்று வீசும் ஊரில்தான் இருந்தன.

யோசேபுஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பிலாத்து பதவிக்கு வந்த புதிதில், பேரரசரின் உருவம் பொறித்த படைக் கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுபோக வைத்தான். உருவ வழிபாட்டை வெறுத்த யூத மக்கள் திரண்டு செசரியாவுக்கு நடந்தே வந்தார்கள். அவனுடைய மாளிகையைச் சுற்றி ஐந்து நாள் அசையாமல் தரையில் கிடந்தார்கள். ஆறாம் நாள் அவர்களை விளையாட்டுத் திடலுக்கு வரச் சொல்லி, மூன்று வரிசையாகப் படைவீரர்களை நிறுத்தி, கலைந்து போகாவிட்டால் வெட்டுவேன் என்றான். மக்கள் தரையில் விழுந்து கழுத்தை நீட்டினார்கள். சட்டத்தை மீறுவதைவிடச் சாவதே மேல் என்றார்கள். பிலாத்து திகைத்துப்போனான். கொடிகளை எடுத்துவிடச் சொன்னான். ஆக, மக்களின் குரலுக்குச் செவிசாய்க்க அவனுக்குத் தெரியும். பின்னாளில் எருசலேமில் குற்றமற்ற ஒருவர் அவன்முன் நின்றபோது, அதே மனிதன் கூட்டத்தின் சத்தத்துக்குப் பணிந்து அநீதி செய்தான். பணிவது என்பது மட்டும் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. எதற்காகப் பணிகிறோம் என்பதே கேள்வி.

அரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே, கடலையொட்டி நீண்ட பந்தயத் திடல் ஒன்று இருக்கிறது. கல்லால் ஆன இருக்கைகள் சில இன்னும் இருக்கின்றன. எங்கள் குழுவினர் அதில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 70இல் எருசலேமை அழித்த தளபதி தீத்து, தன் தம்பியின் பிறந்தநாளைச் செசரியாவில் கொண்டாடினான். அந்த விளையாட்டுகளில் விலங்குகளோடும் ஒருவரோடொருவரும் மோதியும், தீயிலும், இறந்துபோன யூதக் கைதிகள் 2,500க்கும் அதிகம் என்று யோசேபுஸ் கணக்குச் சொல்கிறார். நான் அதைச் சொன்னதும் சிலர் இருக்கையை விட்டு எழுந்துகொண்டார்கள்.

கடலுக்குள் மூக்குபோல நீண்டிருக்கும் பாறைமுனையில் ஏரோதின் அரண்மனை இருந்தது. நடுவில் பாறையை வெட்டிய ஒரு குளம், அதைச் சுற்றி அறைகள். பின்னால் அதுவே ஆளுநர் மாளிகை ஆயிற்று. திருத்தூதர் பவுலை எருசலேமிலிருந்து இரவில் காவலோடு கொண்டுவந்தது இங்கேதான். திருத்தூதர் பணிகள் நூல் எண்ணிக்கையையே தருகிறது: காலாள்கள் 200, குதிரைப்படையினர் 70, ஈட்டி ஏந்தியவர் 200. ஒரு மனிதரைக் கொண்டுவர 470 பேர்!

கொண்டுவந்தார்கள், வழக்கைக் கேட்டார்கள், தீர்ப்பு மட்டும் வரவில்லை. ஆளுநர் பெலிக்ஸ் அடிக்கடி பவுலைக் கூப்பிட்டுப் பேசுவான். நீதி, தன்னடக்கம், வரப்போகும் தீர்ப்பு பற்றிப் பவுல் பேசினால் அவனுக்கு அச்சம் வரும், போய்வா என்பான். ஆனால் கையூட்டு கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பு அவனை விடவில்லை என்று லூக்கா வெளிப்படையாக எழுதுகிறார். இப்படியே இரண்டு ஆண்டுகள். அவன் மாறிப் போகும்போதும் பவுலை விடுவிக்கவில்லை. இன்றும் நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகளே. அவர்களுக்காகச் செபிக்கும்போது செசரியாவில் இருந்த பவுலையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெஸ்து வந்தார். பவுல் சீசரிடம் மேல்முறையீடு செய்தார். இந்தக் கரையிலிருந்துதான் உரோமைக்குக் கப்பலேறினார்.

இதே ஊரில் ஒரு வேடிக்கையும் உண்டு. பைசாந்தியக் காலத்து அரசு அலுவலகம் ஒன்றை இங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். வரிக் கணக்கு பார்த்த இடம் என்கிறார்கள். அதன் தரையில் சிறு கற்களைப் பதித்து எழுதியிருக்கும் வாசகம், பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து எடுத்தது. நன்மை செய்கிறவன் அதிகாரத்துக்கு அஞ்சத் தேவையில்லை என்ற பொருள்படும் வாசகம். வரி கட்ட வருகிறவனுக்கு அறிவுரை! நன்மை மட்டுமே செய்த பவுல், அதே ஊரில் அதிகாரத்தின் சிறையில் இரண்டு ஆண்டுகள் கிடந்தார் என்பது அந்த அலுவலர்களுக்கு நினைவிருந்ததா, தெரியாது.

செசரியா கல்வியிலும் பெயர் பெற்ற ஊர். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த ஓரிஜன் இங்கே பள்ளி நடத்தினார். பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் மாபெரும் நூல் அவருடையது. அவருடைய ஏடுகளைப் பாதுகாத்து நூலகமாக வளர்த்தவர் மறைசாட்சி பம்பிலு. அவருடைய மாணவர் யுசேபியு இந்த ஊரின் ஆயரானார், திருச்சபையின் முதல் பெரிய வரலாற்றை எழுதினார். திருவிவிலியத்தின் 50 படிகளை எழுதித் தரும்படி பேரரசர் கொன்ஸ்தாந்தீன் அவரைத்தான் கேட்டார். அந்த நூலகத்தின் ஓர் அலமாரிகூட இன்று இல்லை.

நேயர்களே, வரலாற்றைச் சொல்லும்போது நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லக்கூடாது. 640ஐ ஒட்டிய ஆண்டில் செசரியா அரபியர் வசமானது. 1101இல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைப் பிடித்தார்கள். மார்பில் சிலுவை அணிந்த அவர்கள், தொழுகைக் கூடத்தில் அடைக்கலம் புகுந்த மக்களை வெட்டிக் கொன்றார்கள். கொள்ளையில் கிடைத்த ஒரு பச்சை நிறக் கிண்ணத்தை மரகதம் என்று நம்பி ஜெனோவாவுக்கு எடுத்துப் போனார்கள். ஆண்டவர் இராவுணவில் பயன்படுத்திய பாத்திரம் என்றும் சொல்லி வணங்கினார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து நெப்போலியன் காலத்தில் அது பாரிசுக்குப் போனது. வெறும் கண்ணாடி என்று அப்போது தெரிந்தது, உடைந்தும் போனது. இன்றும் ஜெனோவா பேராலய அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். உயிருள்ள மனிதரை வெட்டிவிட்டுக் கண்ணாடியைக் காப்பாற்றினார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டபோது, இத்தகைய நாள்களும் அதில் அடங்கும்.

பிரான்சு நாட்டு அரசர் புனித லூயிஸ் 1251இல் நகர மதிலைப் பலப்படுத்தினார். இன்று நாம் பார்க்கும் அகழியும் மதிலும் அவர் கட்டியவை. பதினான்கே ஆண்டுகளில், 1265இல், மம்லூக் சுல்தான் பைபார்ஸ் அதைப் பிடித்து இடித்தார். பிறகு அறுநூறு ஆண்டுகள் மணல் மூடிக் கிடந்தது. அக்கோ நகரில் கட்டடம் எழுப்ப இங்கிருந்து தூண்களையும் கற்களையும் அள்ளிப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போஸ்னியாவிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகள் இடிபாடுகளுக்கு நடுவே குடியேறினார்கள். அவர்கள் கட்டிய பள்ளிவாசலின் கோபுரம் கடலோரத்தில் இன்னும் நிற்கிறது. 1948இல் அங்கே வாழ்ந்த அரபு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒவ்வொரு காலத்திலும் அந்தக் கரையிலிருந்து யாரோ விரட்டப்பட்டிருக்கிறார்கள்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். எதற்காக நம்மை அங்கே கூட்டிப்போனார்கள்? ஒரு வீட்டுக்காக. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித பவுலா அந்த ஊருக்குப் போனபோது அந்த வீடு கோயிலாகியிருந்தது என்று புனித எரோணிமு எழுதுகிறார். இன்று அது எந்த இடம் என்று காட்ட ஆளில்லை. நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் வீடு அது.

கதை உங்களுக்குத் தெரியும். கொர்னேலியு உரோமைப் படையைச் சேர்ந்தவர். கடவுளுக்கு அஞ்சியவர், ஏழைகளுக்குக் கொடுத்தவர். ஆனாலும் பிற இனத்தவர். பேதுரு அப்போது தெற்கே யோப்பாவில், தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கியிருந்தார். இறந்த விலங்கைத் தொட்டு வேலை செய்கிறவர்களை ஊரார் ஒதுக்கிவைத்த காலம் அது. அவர் வீட்டில் தங்கியதே பேதுரு எடுத்துவைத்த ஒரு அடி. அடுத்த அடியை எடுத்துவைக்க மட்டும் அவரால் முடியவில்லை. தீட்டானவை என்று விலக்கிய விலங்குகள் நிறைந்த விரிப்பு ஒன்று வானிலிருந்து இறங்குவதைக் காட்சியில் கண்டார். உண்ணச் சொன்ன குரலுக்கு மறுப்புச் சொன்னார். மூன்று முறை அது நடக்க வேண்டியிருந்தது. ஆண்டவரை மறுதலித்த எண்ணிக்கையும் மூன்றுதான் என்பதை மறக்கவேண்டாம்.

பிறகு யோப்பாவிலிருந்து செசரியாவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்தார். வாசலில் கொர்னேலியு காலில் விழ, நானும் ஒரு மனிதன்தான் என்று சொல்லி அவரைத் தூக்கிவிட்டார். உள்ளே போனார். கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுவதில்லை என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது என்று அத்தனை பேர் முன்னிலையில் ஒத்துக்கொண்டார். அவர் பேசி முடிக்கும் முன்பே தூய ஆவியார் அவர்கள்மீது இறங்கினார். அவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். சில நாள் தங்கிப் போகும்படி பேதுருவைக் கேட்டுக்கொண்டார்கள்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குறுக்கிட்டார். "சாமி, அவங்க வீட்டுல பேதுரு சாப்பிட்டாரா?"

இத்தனை ஆண்டு குருவாக இருந்தும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் எருசலேமில் இருந்தவர்கள் கேட்டார்கள். பேதுரு திரும்பி வந்தபோது அவர்மீது வந்த குற்றச்சாட்டு என்ன? ஏன் அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தாய் என்பதல்ல. ஏன் அவர்கள் வீட்டுக்குள் போனாய், ஏன் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்பதுதான். திருமுழுக்கு பரவாயில்லை, சாப்பாடுதான் சிக்கல்! பின்னர் அந்தியோக்கியாவில் பேதுருவே ஆள் வந்ததும் அஞ்சி, அவர்களோடு உண்பதை நிறுத்திக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். ஒருமுறை திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளும் என்பதற்குத் தலைமைத் திருத்தூதரே சான்று.

"சாப்பிட்டார் அம்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுல காட்டு வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி டம்ளர் இருந்துச்சு சாமி. பின்னாடி திண்ணையில கவுத்து வச்சிருப்போம். அவங்களும் வேதக்காரங்கதான். நம்ம கோயிலுக்குத்தான் வருவாங்க."

நான் என்ன சொல்வது? எனக்கும் ஒரு கதை இருந்தது. நான் முதலில் பணியாற்றிய பங்கில் திருவிழா நாள்களில் குருவுக்கு எந்தெந்த வீட்டில் சாப்பாடு என்பது நான் போவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. ஒரு தெருவில் மட்டும் மூன்று ஆண்டுகளில் ஒருநாளும் எனக்கு இலை போடவில்லை. அவர்கள் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் வருவேன் என்று அவர்களுக்கு நான் ஒருநாளும் காட்டவில்லை என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது. அவர்கள் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன். அவர்களுடைய இறந்தோரை, தனியே ஒதுக்கிய கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்து அடக்கம் செய்தேன். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒருவாய்ச் சோறு தின்னவில்லை.

அன்பார்ந்தவர்களே, நாமெல்லாம் பிற இனத்தார். ஆபிரகாமின் வழிமரபில் பிறந்தவர்கள் அல்ல. பேதுரு அந்த வாசற்படியில் தயங்கி நின்று திரும்பிப் போயிருந்தால், இன்று இந்த மறையுரையைச் சொல்ல நான் இல்லை, கேட்க நீங்கள் இல்லை. யாரோ ஒருவர் தம் வழக்கத்தை விட்டுப் படியேறியதால் உள்ளே வந்தவர்கள் நாம். உள்ளே வந்தபிறகு நமக்குப் பின்னால் வருகிறவருக்குப் படியைக் காட்டாமல் திண்ணையைக் காட்டினால், அது எந்த வகை நன்றி?

ஒரு மணி நேரம் முடிந்தது. பேருந்து ஒலி எழுப்பியது. வழியில் கார்மேல் மலையடிவாரத்து ஊற்றுகளிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய கால்வாயின் வளைவுகள் கடற்கரை மணலில் நீளமாகத் தெரிந்தன. யாருக்காக வெட்டிய தண்ணீர், எத்தனை கைகள் மாறிக் குடித்த தண்ணீர். அந்த அம்மா வண்டியில் ஏறும்முன் குனிந்து, ஒரு சிறிய கூழாங்கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கல்வாரியிலும் பெத்லகேமிலும் அவர் கல் எதுவும் எடுக்கவில்லை.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நம் பங்கில், நம் தெருவில், நீங்கள் இதுவரை உட்கார்ந்து உண்ணாத ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பிறகு அவர்கள் கூப்பிடும்போது போங்கள். இலையில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் தயக்கம் வந்தால் வெட்கப்படவேண்டாம், பேதுருவுக்கும் வந்தது. ஆனால் அவர் போனார்.

இறைவன் உங்கள் வீட்டு வாசலையும், நீங்கள் ஏறப்போகும் வாசற்படியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.